மலேரியா மருந்தும் வணிகர் கடமையும்

விலை என்பது விற்பனையில் பிறப்பதில்லை, கொள்முதலில் பிறக்கிறது என்பது நம் தொழிலின் பாலபாடம். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறங்கும்போதே நிர்ணயமாகிவிட்ட விலையைத் தெருமுனைக் கடைக்காரர் எவ்வளவுதான் மனம் வைத்தாலும் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. வெங்காயத்துக்கும் பருப்புக்கும் பொருந்தும் இந்த விதி மருந்துக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் மருந்து விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வியாபாரம் அறியாதவர்கள். ஒரு சாரார் கம்பெனிகளைத் திட்டுகிறார்கள். இன்னொரு சாரார் கடைக்காரரின் லாபத்தைத் திட்டுகிறார்கள். சரக்கு ஆலையிலிருந்து நோயாளியின் கைக்கு வந்து சேரும் வழியை முழுமையாக அறிந்த நாம் மட்டும் இந்த விவாதத்தில் வாய் திறப்பதில்லை. திறக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு மலேரியா மருந்தைப் போன்ற நல்ல உதாரணம் வேறில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது; 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. அதைத் தயாரித்து உலகுக்கு அனுப்புவதில் சிப்லா, இப்கா, அஜந்தா போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் முன்வரிசையில் நிற்கின்றன. மருந்து இருக்கிறது, தயாரிக்கும் ஆலையும் இருக்கிறது. வாங்க வேண்டியவன் கைக்குத்தான் அது உரிய நேரத்தில், உரிய விலையில், உரிய அளவில் போய்ச் சேருவதில்லை. இது வணிகச் சிக்கல் அல்லாமல் வேறென்ன?

"திருச்சியில் ஏது மலேரியா? இதையெல்லாம் நம் இதழில் எழுதுவானேன்?" என்று சில உறுப்பினர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்தே அண்மை ஆண்டுகளில் சில நூறு பேருக்குத்தான் இந்நோய் பதிவாகிறது. அதிலும் நெடுங்காலமாகப் பெரும் பங்கு சென்னையினுடையது. ஆனால் நோய் குறைந்த ஊரில்தான் மருந்துக்கு வேறொரு வகைச் சிக்கல் வருகிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம்.

காலணாப் பொட்டலம்

மலேரியாவுக்கு முதன்முதலில் கிடைத்த நல்ல மருந்து நம் பாட்டன்மார் "கொயினா" என்று சொன்ன குயினைன். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வளரும் சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது அது. 1860-ல் கிளெமன்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அந்த மரத்தின் விதைகளையும் கன்றுகளையும் தேடிச் சேகரிக்க, உதகமண்டலம் அரசுத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அவற்றைப் பயிராக்கினார். அயல்நாட்டுச் சரக்கை அதிக விலை கொடுத்து வாங்குவதைவிட நம் மலையிலேயே விளைவித்துக்கொள்வது என்ற எளிய வியாபாரக் கணக்கு அது.

மரம் வளர்ந்தது. பட்டை கிடைத்தது. அதிலிருந்து சுத்தமான குயினைனைப் பிரித்தெடுக்கச் செலவு அதிகம். ஆனால் பட்டையில் குயினைன் மட்டுமின்றி, அதன் உடன்பிறப்புகள் போன்ற வேறு மூன்று சத்துக்களும் உண்டு. அவை மலிவானவை என்பதாலேயே மட்டமானவை என்று கருதப்பட்டு வந்தன. 1866-ல் சென்னை மாகாண அரசு ஒரு குழுவை அமைத்து, காய்ச்சல் நோயாளிகளுக்கு நான்கையும் கொடுத்துச் சோதிக்கச் செய்தது. மலிவான சரக்கும் ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்கிறது என்பது தெரியவந்தது. இதையொட்டியே பட்டையின் எல்லாச் சத்துக்களும் கலந்த மலிவு மருந்தை வங்காளத்தில் அரசே தயாரிக்கத் தொடங்கியது. விலை உயர்ந்ததுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தைச் சோதனை செய்து பார்த்தே கைவிட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்த படிதான் நமக்கு முக்கியம். 1892-ல் வங்காளத்தில் குயினைனைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலம் காலணா என்று தபால் நிலையங்களில் விற்கத் தொடங்கினார்கள். பின்னர் இம்முறை மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. இதிலுள்ள வணிக நுணுக்கத்தைப் பாருங்கள். ஆலையிலிருந்து மொத்தமாக எடுத்த சரக்கு. அளந்து கட்டி ஒட்டிய பொட்டலம். அதனால் கலப்படத்துக்கு இடமில்லை. எந்த ஊரிலும் ஒரே விலை. அதனால் பேரத்துக்கும் இடமில்லை. மருந்துக் கடையே இல்லாத கிராமத்திலும் தபால் நிலையம் இருந்தது. ஆக, புதிதாக ஒரு கடை கட்டாமலே நாடு முழுவதும் சில்லறை விற்பனை நிலையங்கள் கிடைத்துவிட்டன. இன்று பெரிய பெரிய நிபுணர்கள் "கடைசி மைல்" என்று பேசுகிற சிக்கலுக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்ட விடை இது.

ஆனால் குயினைன் கதைக்கு ஒரு கசப்பான பின்பகுதியும் உண்டு. டச்சுக்காரர்கள் ஜாவாவில் இன்னும் சத்து மிகுந்த பட்டையை விளைவித்து, உலகச் சந்தையின் பெரும் பகுதியைத் தம் கைக்குள் கொண்டு வந்துவிட்டனர். 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் உலகெங்கும் தட்டுப்பாடு. அடுத்த ஆண்டு வங்கப் பஞ்சம். பட்டினியால் நலிந்த மக்களை மலேரியா கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனபோது, இருந்த கொஞ்ச குயினைன் கள்ளச்சந்தையில் கொள்ளை விலைக்கு விற்றது. ஒரே ஊரின் சரக்கை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும், பதுக்கல் என்பது சில சமயங்களில் கொலைக்குச் சமம் என்பதற்கும் அது சாட்சி. வணிகர் சமுதாயத்தின்மீது மக்கள் இன்றும் வைத்திருக்கும் சந்தேகத்தின் வேர்களில் ஒன்று அந்தக் காலத்தில் ஊன்றியது. நாம் அதை மறைக்க வேண்டியதில்லை; மறக்கவும் கூடாது.

கல்லணைக்கு அப்பால்

நம் வட்டாரத்துக்கும் இக்கதையில் பங்கு உண்டு. ஸ்ரீரங்கம் தீவுக்குக் கிழக்கே உள்ள கல்லணையிலிருந்து, காவிரி மேட்டூர்த் திட்டத்தின்கீழ், "புது ஆறு" என்று மக்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, மழையை மட்டுமே நம்பியிருந்த பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரித் தண்ணீர் பாய்ந்தது. நெல் விளைந்தது. கூடவே மலேரியாவும் விளைந்தது. வாய்க்கால் ஓரத்திலும் பள்ளங்களிலும் வயலிலும் தேங்கிய தண்ணீர் கொசுவுக்குத் தொட்டிலாயிற்று.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற அமெரிக்க மருத்துவர் சென்னை மாகாணச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து பட்டுக்கோட்டைப் பகுதியில் ஆய்வுகள் நடத்தினார். வீடுகளுக்குள் பைரீத்ரம் மருந்து தெளித்துக் கொசுவைக் கொல்லும் முறை அங்கே பரிசோதிக்கப்பட்டது. இன்னொரு பணியும் நடந்தது. மலேரியாவால் ஒரு கிராமத்துக் குடும்பத்துக்கு ஏற்படும் பண நஷ்டம் எவ்வளவு என்று கணக்கெடுத்து, ரஸ்ஸலும் மேனனும் 1942-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர்.

நோயின் செலவு என்றால் மருந்து விலை மட்டும் என்று நினைக்கிறோம். படுத்துக் கிடக்கும் நாட்களின் கூலி, பார்த்துக்கொள்ள வீட்டிலிருப்பவரின் கூலி, நடவு நேரத்தில் ஆள் கிடைக்காததால் வரும் நஷ்டம், வாங்கும் கடன், அதற்கு வட்டி என்று கணக்கு நீளும். இந்த நோக்கில் பார்த்தால் காய்ச்சல்காரன் ஊரில் கடைக்காரனுக்கும் பற்று வரவு நடக்காது. நோயாளியின் நஷ்டம் நம் கல்லாவிலும் தெரியும். மலேரியா மருந்து மலிவாகக் கிடைக்க வேண்டும் என்பதில் வணிகனுக்குத் தருமம் மட்டுமல்ல, சுயநலமும் இருக்கிறது என்பேன்.

புதிய மருந்து, புதிய விலை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குளோரோகுயின் வந்தது. விலை மிக மலிவு; வேலையும் நன்றாகச் செய்தது. நீலகிரியிலும் ஆனைமலையிலும் சின்கோனாவுக்கு மவுசு குறைந்து, அந்த நிலங்களில் பிற்பாடு தேயிலை வந்தது. ஆனால் கிருமியும் சும்மா இருக்கவில்லை. உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபேரம் வகை மலேரியா குளோரோகுயினுக்கு அடங்காமல் போவது இந்தியாவில் முதன்முதலாக 1973-ல் அசாமின் கர்பி ஆங்லாங் பகுதியில் தெரியவந்தது. ஆப்பிரிக்காவிலும் அதே நிலை ஏற்பட்டது.

மாற்று மருந்து சீனாவிலிருந்து வந்தது. அந்நாட்டுப் பழைய வைத்தியத்தில் வழங்கிய ஒரு மூலிகையிலிருந்து து யூயூ என்ற பெண் விஞ்ஞானி 1970-களின் தொடக்கத்தில் ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதை இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துதான் இன்று ஃபால்சிபேரத்துக்கு உலகெங்கும் கொடுக்கப்படுகிறது.

மருந்து நல்ல மருந்து; விலைதான் இடித்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குளோரோகுயின் ஒரு முழுச் சிகிச்சை பத்து அமெரிக்க சென்ட் அளவில் இருக்க, கூட்டு மருந்து இரண்டு டாலருக்கு மேல் ஆயிற்று. ஏறக்குறைய இருபது மடங்கு. வேலை செய்யாத மருந்து பத்து காசு, வேலை செய்யும் மருந்து இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பத்து காசு மட்டுமே உள்ள தாய் எதை வாங்குவாள்?

மூலப்பொருளும் சோதித்தது. 2004, 2005-ல் கூட்டு மருந்துக்குத் தேவை திடீரென்று கூடியதும் மூலிகைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை பன்மடங்கு ஏறியது. அதைக் கண்டு சீனாவிலும் வியட்நாமிலும் ஆப்பிரிக்காவிலும் விவசாயிகள் போட்டி போட்டுப் பயிரிட, 2007-ல் விலை அடிமட்டத்துக்கு விழுந்தது. வெங்காய மண்டியில் நாம் ஆண்டுதோறும் பார்க்கும் அதே நாடகம்தான். செடி வளர்ந்து மாத்திரையாக ஓராண்டுக்கு மேல் ஆகும் ஒரு சரக்குக்கு, எவ்வளவு வாங்குவோம் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆரோ சொன்ன யோசனை

இந்தச் சிக்கலுக்கு விடை சொல்ல அமெரிக்காவில் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் மருத்துவர் அல்லர். கென்னத் ஆரோ என்ற பொருளாதார மேதை. 1972-லேயே நோபல் பரிசு பெற்றவர். 2004-ல் அக்குழு வெளியிட்ட அறிக்கை சொன்ன யோசனையை நம் மொழியில் சொல்வதானால் இப்படி: மானியத்தை நோயாளியிடம் கொடுக்காதீர்கள், கடைக்காரரிடமும் கொடுக்காதீர்கள், ஆலை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். அங்கேயே விலை இறங்கிவிட்டால், சரக்கு வழக்கமான வியாபார வழியிலேயே, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று தானே ஓடி மூலை முடுக்கெல்லாம் சேர்ந்துவிடும். ஆண்டுக்கு 30 முதல் 50 கோடி டாலர் வரை செலவாகும் என்று மதிப்பிட்டார்கள்.

வணிகர்களை எதிரியாகக் கருதாமல் விநியோகக் கருவியாகக் கருதிய யோசனை என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்தது. 2009-ல் இது சோதனைத் திட்டமாக வடிவெடுத்தது. கானா, கென்யா, நைஜீரியா, உகாண்டா, தான்சானியா, நைஜர், மடகாஸ்கர் ஆகிய ஏழு நாடுகளில், சான்சிபார் தீவைத் தனியாகச் சேர்த்து எட்டுத் திட்டங்களாக நடைபெற்றது. மானிய மருந்து என்று அறிய, பெட்டிமேல் பச்சை இலை முத்திரை பொறித்தார்கள். 2012-ல் வெளியான சுயேச்சையான மதிப்பீட்டின்படி எட்டில் ஆறு இடங்களில் தனியார் கடை விலை நன்றாகக் குறைந்திருந்தது. கடைகளில் இருப்பும் பெரும்பாலான இடங்களில் கூடியிருந்தது. நைஜரிலும் மடகாஸ்கரிலும் பலன் குறைவுதான். ஆனால் மானியம் கொடுத்தால் வியாபாரி அமுக்கிக்கொள்வான் என்று ஆரூடம் சொன்னவர்களின் வாக்கு பொதுவாகப் பொய்த்தது. போட்டி இருந்த சந்தையில் விலை கீழ்வரை இறங்கியது.

குறையும் தெரிந்தது. மருந்து மலிந்ததும், மலேரியா இல்லாத காய்ச்சலுக்கும் அதையே வாங்கி விழுங்கினார்கள். கடையில் மருந்து இருந்தது, இரத்தப் பரிசோதனை இல்லை. மானியப் பணத்தின் ஒரு பகுதி இப்படி வீணாயிற்று. இந்த விமரிசனம் வலுத்து, 2013-க்குப் பிறகு அது தனித் திட்டமாக நீடிக்கவில்லை. நாடுகளுக்கான பொது நிதியுதவிக்குள் அடங்கிவிட்டது. ஆயினும் அந்தச் சில ஆண்டுகளில் பெருமளவு கொள்முதலும், இந்தியக் கம்பெனிகளின் போட்டியும் சேர்ந்து விலையை இறக்கிவிட்டன. இரண்டு டாலருக்கு மேல் விற்ற மருந்தைச் சர்வதேச நிறுவனங்கள் இப்போது ஒரு டாலருக்கும் குறைவாக வாங்குகின்றன.

நம் மாநிலம் காட்டிய வழி

இதற்கெல்லாம் முன்பாகவே நம் தமிழ்நாடு ஒரு வழியைக் காட்டிவிட்டது என்பதைப் பெருமையோடு குறிப்பிட வேண்டும். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. அதன் முறையை ஒவ்வொரு மொத்த வியாபாரியும் படித்துப் பார்க்கலாம். மாநிலம் முழுவதற்கும் ஒரே கொள்முதல். கம்பெனிப் பெயருக்கு விலை கொடுக்காமல் மருந்தின் மூலப்பெயரில் டெண்டர். மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆண்டு ஒதுக்கீட்டைக் குறித்த பாஸ்புக். தேவையானதை எடுத்துக்கொண்டு வரவு எழுதிக்கொள்ள வேண்டியதுதான். வந்த சரக்கில் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் மாதிரி எடுத்து, யார் தயாரித்தது என்பது தெரியாதபடி மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறாத சரக்கு திரும்பும். தொடர்ந்து தவறினால் கம்பெனியே பட்டியலிலிருந்து நீங்கும். சரக்கு தேறினால் பணம் தாமதமின்றிப் போகும்.

கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதே பாதையில் தமக்கென்று கழகங்களை அமைத்துக்கொண்டன. அளவில் பெரிய கொள்முதல், தரச் சோதனை, உடன் பணம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விலை தானே இறங்கும் என்பது நமக்குத் தெரியாத இரகசியமா? மாதக் கணக்கில் கடன் சொல்லும் வாடிக்கையாளருக்கு யாரும் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதில்லையே!

இதன் பயனாக மலேரியாவுக்கான பரிசோதனையும் மருந்தும் ஆரம்ப சுகாதார நிலையம் முதல், திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை வரை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அரசு செய்ய வேண்டிய பாதியை அரசு செய்துவிட்டது. மிச்சப் பாதி தனியார் கடைகளிடம் இருக்கிறது. காய்ச்சல் வந்தவர் முதலில் போகும் இடம் அரசு மருத்துவமனை அல்ல. வீட்டுக்கு அருகிலுள்ள மருந்துக் கடை என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

விற்காத சரக்கின் சிக்கல்

தனியார் கடையில் விலையைக் கட்டுப்படுத்த மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை உண்டு. அத்தியாவசிய மருந்துகளுக்கு, சந்தையில் ஒரு சதவீதத்துக்குக் குறையாத பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையை எடுத்து, அதன்மேல் சில்லறை வியாபாரிக்கு 16 சதவீதம் சேர்த்து உச்சவரம்பு நிர்ணயிக்கிறார்கள். மலேரியா மருந்துகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உச்சவரம்பு விலையைக் கட்டுப்படுத்துமே தவிர, அலமாரியில் சரக்கை வைக்காது.

தொடக்கத்தில் சொன்ன வேறொரு வகைச் சிக்கல் இதுதான். மலேரியா மிகுந்த ஊரில் மருந்து ஓடும் சரக்கு. நம் ஊரில் அது ஓடாத சரக்கு. பிரைமாகுயின் மாத்திரையின் விலை அற்பம். அதில் 16 சதவீதம் என்றால் சில காசுகள். ஆண்டுக்கு ஒருவர் இருவர் கேட்பதற்காக வாங்கி வைத்தால் காலாவதியாகும். காலாவதிச் சரக்கைத் திருப்பி எடுக்கக் கம்பெனிகள் படுத்தும் பாட்டை மருந்து வணிக உறுப்பினர்களைக் கேட்டால் தெரியும். ஆகவே யாரும் வைப்பதில்லை. ஆபத்தான நிலையில் ஒரு நோயாளி தனியார் மருத்துவமனைக்கு வந்துவிட்டால், ஆர்ட்டிசுனேட் ஊசிக்கு இரவில் ஊர் ஊராகத் தேட நேரிடும். குயினைனைவிட அந்த ஊசி அதிக உயிர்களைக் காக்கிறது என்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் நிறுவிவிட்டன. அத்தகைய மருந்து விலை மலிந்திருந்தும், தேடும் நேரத்தில் இல்லையென்றால் அந்த மலிவால் யாருக்கு என்ன பயன்?

இருப்பு வைக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. கூட்டு மருந்தை 30 டிகிரிக்கு மேற்படாத வெப்பத்தில் வைக்க வேண்டும். நம் திருச்சிச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கிடங்கு என்ன சூட்டில் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடை மேசையில் கெடும் மருந்து

இன்னொரு கெடுதல் நம் கடை மேசையிலேயே நடக்கிறது. நாட்டில் பெருமளவு காணப்படும் வைவாக்ஸ் மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயினும், கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லப் பதினான்கு நாள் பிரைமாகுயினும் என்பது தேசியச் சிகிச்சை முறை. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் ஆகாது. ஒருவகை நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆபத்து. ஆகவே மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். நான்காம் நாள் நோயாளி மாத்திரையை நிறுத்துவார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அதே காய்ச்சல் மறுபடியும் வரும். "இப்போதைக்கு நாலு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பவருக்கு அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும் பழக்கம் நமக்குச் சாதாரணம். தலைவலி மாத்திரையில் அது சரியாக இருக்கலாம். மலேரியா மருந்தில் கத்தரித்த அட்டை நோயாளிக்குச் செய்யும் துரோகம். அரைகுறை மருந்தில் தப்பிய கிருமிதான் மருந்துக்கு அடங்காத கிருமியாக வளர்கிறது. ஆர்ட்டிமிசினின் மருந்தைத் துணை மருந்தின்றித் தனி மாத்திரையாக விற்கக் கூடாது என்று 2007-ல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானம் போட்டதும், இந்தியா அதைப் பின்னர் தடை செய்ததும் இந்தக் காரணத்தால்தான்.

அரை விலைக்கு வாங்கிய அரை மருந்து, முழு விலை கொடுத்து வாங்கிய முழு மருந்தைவிட விலை அதிகம். வணிகனுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

நம் ஊரின் நிலை

திருச்சியும் ஸ்ரீரங்கமும் போக்குவரத்தால் வாழும் ஊர்கள். வைகுண்ட ஏகாதசிக்கும் ஆடிப்பெருக்குக்கும் எத்தனை ஊர் ஜனங்கள் வந்து தங்கிப் போகிறார்கள்! நம் ஓட்டல்களிலும், கட்டட வேலைகளிலும், கிடங்குகளிலும் ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் இளைஞர்கள் உழைக்கிறார்கள். அவர்களின் சொந்த மாவட்டங்களில் சில, மலேரியா இன்னும் குடியிருக்கும் காட்டுப் பகுதிகள். விடுமுறைக்கு ஊர் போய்த் திரும்பும் ஒருவர் உடம்பில் கிருமியோடு வந்தால், அது அவர் குற்றமன்று. ஆனால் நம் மாடித் தொட்டிகளிலும் ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளின் கிணறுகளிலும் வளரக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு அவரிடமிருந்து அடுத்தவருக்குக் கொண்டுபோக வாய்ப்புண்டு. மூடாத தொட்டி நம்முடையது. அது நம் குற்றம்.

அண்டை நாடான இலங்கை இதில் நமக்குப் பாடம். 1963-ல் அங்கே மலேரியா வெறும் 17 பேருக்கு வந்து நின்றது. ஒழிந்துவிட்டது என்று அசட்டையாக இருந்தார்கள். 1967 முதல் 1969 வரை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. மறுபடி அரும்பாடுபட்டு, 2016-ல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றார்கள். இந்தியா 2030-க்குள் ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. கடைசிச் சில நூறு பேரைக் கண்டுபிடித்துக் குணப்படுத்துவதுதான் எப்போதும் கடினமான பகுதி.

அந்தக் கடைசிச் சிலரில் ஒருவர் நம் கடைச் சிப்பந்தியாக இருக்கலாம். அவருக்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் பரிசோதனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே என்று இரண்டு காய்ச்சல் மாத்திரையை விழுங்கிவிட்டு மூட்டை சுமக்கிறார். அப்படியானால் அவருக்கு மருந்தின் உண்மையான விலை ஒருநாள் கூலி. அந்த விலையைக் குறைக்க எந்த உலக நிறுவனத்தாலும் முடியாது. முதலாளியாகிய நம்மால் மட்டுமே முடியும்.

சங்கத்தின் முன் வைக்கும் யோசனைகள்

1. மருந்து வணிக உறுப்பினர்கள் மலேரியா மருந்தை அட்டை கத்தரித்து விற்பதில்லை என்று தாமாகவே உறுதி எடுக்க வேண்டும். மருத்துவர் சீட்டில் உள்ள முழு அளவும் ஒரே தடவையில் கொடுக்கப்பட வேண்டும். வாங்க இயலாதவரை அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது நமக்கு இழுக்கல்ல.

2. குளிர், நடுக்கத்தோடு விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்று யார் சொன்னாலும், மாத்திரைக்கு முன் இரத்தப் பரிசோதனை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கத் திட்டம் சறுக்கிய இடம் அதுதான்.

3. ஆர்ட்டிசுனேட் ஊசி, கூட்டு மருந்து, பிரைமாகுயின் ஆகியவற்றைத் திருச்சியில் குறைந்தது இரண்டு மொத்த வியாபாரிகள் எப்போதும் இருப்பில் வைக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். காலாவதியால் வரும் நஷ்டத்தை ஒருவர் தலையில் கட்டாமல் மருந்து வணிகர்கள் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒரு சொற்பத் தொகைதான் வரும். யாரிடம் இருப்பு இருக்கிறது என்பதை எல்லாத் தனியார் மருத்துவமனைகளுக்கும் தெரிவித்துவிட வேண்டும்.

4. காலாவதியான அத்தியாவசிய மருந்தைக் கம்பெனிகள் நிபந்தனையின்றித் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரசிடம் சங்கம் வற்புறுத்த வேண்டும். குறைந்த லாபத்தில் விற்கச் சொல்லும் அரசு, நஷ்டத்திலிருந்து காக்கவும் கடமைப்பட்டது.

5. காய்ச்சலோடு பரிசோதனைக்குப் போகும் சிப்பந்திக்கு அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. மலேரியா என்று உறுதியானால் மூன்று நாள் ஓய்வு சம்பளத்தோடு தர வேண்டும். பதினான்கு நாள் மாத்திரையையும் அவர் முடித்தாரா என்று விசாரிக்க வேண்டும்.

6. கடை, விடுதி, கிடங்கு மாடித் தொட்டிகளுக்கு மூடியும், கிணறுகளுக்கு வலையும் போட வேண்டும். இதற்குச் செலவு எவ்வளவு என்று பார்ப்பவர், கடை ஆள் ஒருவர் இரண்டு வாரம் படுத்தால் ஆகும் செலவையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

இவற்றில் எதற்கும் அரசாணை தேவையில்லை. நான்காவது ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு யாரிடமும் மனுக் கொடுத்துக் காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போதும்.

மருந்தை மலிவாக்குவது ஆலை, அரசு, உலக நிறுவனங்கள் ஆகியோரின் வேலை என்று ஒதுங்கியிருப்பது நமக்கு அழகல்ல. கொள்முதலில் இறக்கிய விலையை இருப்பில் இழக்கக் கூடாது. இருப்பில் காத்த மருந்தைக் கடை மேசையில் கெடுக்கக் கூடாது. கடை மேசையில் ஒழுங்காகக் கொடுத்ததை, கூலி போய்விடும் என்ற பயத்தால் நோயாளி கைவிடக் கூடாது. இந்த நான்கு படிகளில் முதற்படியை மற்றவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். மற்ற மூன்றும் நம் கையில் இருக்கின்றன. அன்று தபால் நிலையம் காலணாப் பொட்டலத்தால் செய்ததை இன்று திருச்சி, ஸ்ரீரங்கம் வணிகர்களால் செய்ய முடியாதா? முடியும் என்றே நம்புகிறேன். உறுப்பினர்கள் தத்தம் கருத்துக்களைச் சங்கத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டுகிறேன்.